மூன்றாவது வரிசையில் ஒரு முணுமுணுப்பு

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினம் சாமி கும்பிடும்போது சொல்லிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் அத்தானுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் இடது கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மற்றபடி சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒழுங்கு.

போன் இருக்கும்போது அக்கா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பார்க்கிறாயா? போனில் பேசினால் அவர் காதில் விழும். பக்கத்து வீட்டுக் குழாய் எந்தச் சுருதியில் சொட்டுகிறது என்று சொல்கிற காது அது. ஆனால் அடுத்தவர் கடிதத்தைத் தொட மாட்டார். நீயும் கடிதமாகவே பதில் எழுது.

எனக்கு ஒரு ஒலிப்பதிவுக் கருவி வேண்டும். மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் அடங்க வேண்டும். ஆரம்பிக்கும்போது 'பீப்' என்று கத்தக் கூடாது. சிவப்பு விளக்கு மின்னக் கூடாது. மாதம் ஒரு ஞாயிறு காலையில் மன்றத்து அரங்கில் அவர் வயலின் வாசிக்கிறாரே, அதற்குத்தான். மன்றத்துச் செயலாளரைக் கேட்டேன். மேடையில் இருப்பவர்களுக்குச் சம்மதமென்றால் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றார். மிருதங்கக்காரர், அதான் நம் 'கடிகாரம்', உடனே தலையாட்டிவிட்டார். மீதி இருப்பது உன் அத்தான். அவர் என்றைக்கும் பதிவுக்கு ஒப்புக்கொண்டதில்லை. "வாசிச்சது கேட்டவங்களோட வீட்டுக்குப் போகட்டும். பெட்டிக்குள்ள போனா தப்பும் கூடவே போய் அங்கேயே குடியிருக்கும்" என்பார். மேடைக்காரரின் பெண்டாட்டி சம்மதித்தால் போதாதா என்று செயலாளரைக் கேட்க வாய் வரவில்லை.

என் போனைக் கைப்பைக்குள் வைத்து ஒரு முறை முயன்றேன். வீட்டில் வந்து கேட்டால் அவர் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து வாசிப்பது போல இருக்கிறது. கைதட்டல் வந்தால் பட்டாசு. போனுக்குக் கேட்கத் தெரியாதா, இல்லை பையின் குற்றமா?

இன்னொன்று. ஒரு பதிவு எத்தனை வருஷம் கெடாமல் இருக்கும்?

வேறு விசேஷமில்லை. சும்மா ஒரு ஆசைதான்.

உன் அக்கா


ஜனவரி 25

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். பிள்ளைக்கு முன்பல் விழுந்து, பேசும்போது காற்று மட்டும் வருகிறது. அத்தானை வெந்நீரோடு கையுறையும் போட்டுக்கொள்ளச் சொல்.

ஒலிக் கருவி விற்றுப் பழுது பார்க்கிற கடையில் இத்தனை வருஷமாக இருக்கிறேன். திருட்டுத்தனமாகப் பதிவு செய்ய வழி கேட்டு வந்தவர்களில் சாமி கும்பிடுகிற ஆள் நீதான் முதல்.

மூன்று வகை இருக்கிறது. ஒன்று பேனா மாதிரி. யாருக்கும் சந்தேகம் வராது, ஆனால் அது பேச்சுக்காகச் செய்தது. பேச்சு மெதுவானால் தானே தூக்கிவிடும், சத்தமானால் தானே அமுக்கிவிடும். சங்கீதத்தில் மெதுவாக வாசிப்பதும் உரக்க வாசிப்பதும் வேண்டுமென்றே செய்வது. அது அந்தக் கருவிக்குப் புரியாது. இரண்டாவது தீப்பெட்டி அளவு, இரண்டு மைக். நமக்கு இரண்டு காது இருப்பது போல. மூன்றாவது கொஞ்சம் பெரிது, தலையில் எறும்புக்கு மீசை வைத்தது போல மைக் நீட்டிக்கொண்டிருக்கும். அதை உன் கண்ணாடிக் கூட்டுக்குள் அடைக்க முடியாது.

என்னைக் கேட்டால் தீப்பெட்டி. நீ எதைக் கேட்பாய் என்று தெரியும் என்பதால் பேனாவை அனுப்பியிருக்கிறேன். பட்டுத் தெரிந்துகொள்.

பதிவைப் பிரதி எடுத்து இரண்டு மூன்று இடத்தில் வைத்தால் நமக்குப் பிறகும் இருக்கும். ஏன் அப்படிக் கேட்டாய்? அத்தானிடமே ஒரு தடவை நேராகக் கேட்டுப் பாரேன்.

தம்பி


பிப்ரவரி 19

அன்புத் தம்பிக்கு,

பிள்ளைக்குப் புதுப் பல் முளைக்கிறதா? இங்கே எல்லாம் வழக்கம் போல.

பட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் இழையாக வாசித்த இடத்தில் பேனா ஓடிப் போய்ப் பக்கத்து இருக்கைக்காரர் மூச்சைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. அவர் முழங்கி வாசித்தால் பேனா பயந்து ஒடுங்குகிறது. ஆனாலும் இந்தக் கருவிகளின் மேல் எனக்கு ஒரு பைத்தியம் வந்துவிட்டது. கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு முழுவதும் படித்தேன். அடுக்களையில் பேனாவை ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்க்கிறேன். குக்கர் விசில் அடுப்புப் பக்கத்தில் கூச்சல், கூடத்தில் விசில், படுக்கையறையில் பாட்டு. துணிக்கு அடியில் வைத்தால் விசிலின் நுனி காணாமல் போகிறது. மேல் சத்தம்தான் துணியில் சிக்கிக்கொள்கிறது, கீழ்ச் சத்தம் நுழைந்து போய்விடுகிறது. நான் கண்டுபிடித்தது சரியா? வரவு செலவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைக்கிறேன். கருவிக்கான செலவைக் 'காது' என்ற தலைப்பில் போட்டிருக்கிறேன். அவர் பார்த்தால் மருந்து என்று நினைத்துக்கொள்வார்.

தீப்பெட்டியை அனுப்பு.

உன் அக்கா


மார்ச் 3

அக்காவுக்கு,

இங்கே யாவரும் சுகம். பல் பாதி வந்திருக்கிறது.

நீ கண்டுபிடித்தது சரி. எங்கள் கடைக்காரரிடம் காட்டினேன், வேலைக்கு வருவாளா என்று கேட்கிறார்.

தீப்பெட்டியில் தானாக ஏற்றி இறக்குவதை நிறுத்தித்தான் அனுப்பியிருக்கிறேன். முதல் கைதட்டலின்போது திரையில் ஓடும் கோடு முனையைத் தொடக் கூடாது. தொட்டால் ஒலி அளவை ஒரு படி குறை. பீப்பை அடைத்துவிட்டேன். விளக்கின் மேல் ஒரு துண்டு கறுப்புப் பிளாஸ்திரி ஒட்டிக்கொள். கண்ணாடிக் கூட்டை மடியில் திறந்தே வை.

அத்தானைக் கேட்கச் சொன்னேனே, அதற்குப் பதில் காணோம்.

தம்பி


மார்ச் 28

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பதற்கு ஆண்டவனுக்கு நன்றி. எங்களுக்கும் குறையில்லை.

தீப்பெட்டிக்கு நல்ல காது. அவர் வில்லைத் திருப்பும் சத்தம் கூடக் கேட்கிறது. கடிகாரம்தான் பாவம், பதிவாகிறது என்று தெரிந்ததிலிருந்து என் மடியைப் பார்த்தே வாசிக்கிறார். போட்டோ எடுப்பது போல முகத்தை வேறு வைத்துக்கொள்கிறார்.

ஒரே ஒரு குறை. பாட்டுக்கு அடியில் ஒரு முணுமுணுப்பு. விட்டுவிட்டு வருகிறது. நல்ல இடம் வரும்போது கூடுகிறது. எனக்குச் சந்தேகமே இல்லை, பக்கத்து இருக்கைப் பல் டாக்டர்தான். தொடையில் தாளம் போடுவார், அதுவும் தப்பாக. இப்போது கூடவே பாடவும் தொடங்கிவிட்டார் போலிருக்கிறது. கச்சேரி முடிந்ததும் ஒரு பார்வை பார்த்தேன். மனுஷர் எனக்குப் பல்வலி என்று நினைத்துக்கொண்டு, "நாளைக்கு வாங்க, பாத்துடலாம்" என்றார்.

பதிவு இருக்கும் மெமரி அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பெரிய ஹெட்போனில் கேட்டுச் சொல். அடுத்த மாதம் இடம் மாற்றி உட்காருகிறேன்.

உன் அக்கா


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

சுகம்தானே? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

கேட்டேன். முணுமுணுப்பு இருக்கிறது, சொல் பிடிபடவில்லை. விசிறியாக இருக்குமோ என்று முதலில் நினைத்தேன். நம் காது விசிறிச் சத்தத்தைக் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். கருவிக்கு மறக்கத் தெரியாது. ஆனால் விசிறி நல்ல இடம் பார்த்துக் கூடாது. ஆள்தான்.

இத்துடன் இரண்டு குட்டி மைக் அனுப்புகிறேன். கடுகு அளவு. சால்வையில் கழுத்துக்கு இரண்டு பக்கமும் செருகிக்கொள், கம்பியைக் கீழே கொண்டு போய்த் தீப்பெட்டியில் மாட்டு. உன் தலையே நடுவில் சுவர் மாதிரி நிற்கும், இடம் வலம் அழகாகப் பிரியும். பக்கத்து ஆள் சத்தமும் குறையும்.

அத்தான் வாசிப்பு பிரமாதம். ஒரே ஒரு இடத்தில், உச்சிக்குப் போகும்போது, ஒரு இமைப்பொழுது தயங்குவது போலத் தோன்றியது. என் பிரமையாக இருக்கலாம்.

தம்பி


மே 5

அன்புத் தம்பிக்கு,

அனைவரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். நாங்களும் அப்படியே.

சால்வை மைக் மாட்டிக்கொண்டு போனேன். உடம்பெல்லாம் காதானது போல ஒரு எண்ணம். திரும்பக் கூடப் பயமாக இருந்தது. பல் டாக்டரை ஒரு ஓரத்தில் விட்டுவிட்டு நான் அதே மூன்றாவது வரிசையின் மறு ஓரத்துக்குப் போய்விட்டேன். இந்தப் பக்கம் ஒரு அம்மாள், வாயே திறக்கவில்லை.

பதிவை நான் இன்னும் கேட்கவில்லை. உன் அத்தான் வாரம் முழுக்க வீட்டில் இருக்கிறார். வெளியூரில் ஒத்துக்கொண்டிருந்த இரண்டு கச்சேரியை வேண்டாம் என்றுவிட்டார். ஓய்வு எடுத்தால் நல்லதுதானே. அதனால் அட்டையை அப்படியே அனுப்புகிறேன். கேட்டுவிட்டு உடனே எழுது. முணுமுணுப்பு போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

நீ கேட்ட தயக்கம் உன் பிரமைதான்.

உன் அக்கா


ஜூன் 16

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன்.

முணுமுணுப்பு போகவில்லை. பக்கத்தில் வந்துவிட்டது. மைக் கழுத்தில் இருந்தது அல்லவா, இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருக்கிறது. பல் டாக்டரை இனி முறைக்காதே. அது நீ.

அவர் வில்லை எடுத்ததிலிருந்து கீழே வைக்கும் வரை நீ சாமியிடம் பேசிக்கொண்டே இருக்கிறாய். உனக்கே தெரியாது என்று நினைக்கிறேன். விசிறிச் சத்தம் மாதிரி உன் காது அதை மறந்துவிட்டது. கருவி மறக்கவில்லை. உன் குரல் என்று புரிந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன், சத்தியம். அதற்குள் ஒரு வரி விழுந்துவிட்டது. "அந்த நடுவிரலை மட்டும் பாத்துக்கோ. இந்த வருஷம் தாண்டட்டும். யார்கிட்டயும் சொல்ல முடியாம உன்கிட்ட சொல்றேன்."

இனி நான் எதுவும் கேட்க மாட்டேன். நீ சொன்னால் மட்டும் போதும். சொல்லாவிட்டாலும் கருவி அனுப்புவேன்.

தம்பி


ஜூன் 24

தம்பிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பை அணைக்க மறந்துவிட்டேன். பால் முழுக்கப் பொங்கித் தீய்ந்து போனது. உன் அத்தான் வாசனை பிடித்து ஓடி வந்தார்.

உன் அத்தான், யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். இடது கை நடுவிரல் மரத்துப் போகிறது. நரம்பு. கத்தி வைத்தால் வலி போகுமாம், விரலின் நுணுக்கம் திரும்புமா என்று சொல்ல முடியாதாம். இந்த வருஷத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார் மருத்துவர். வெளியில் தெரிந்தால் எல்லோரும் பாட்டை விட்டுவிட்டு விரலைப் பார்ப்பார்கள் என்பது உன் அத்தானின் பயம். நான் வாக்குக் கொடுத்தபோது சாமியை அதில் சேர்க்கவில்லை. சாமியிடம் சொன்னால் சாமியோடு இருக்கும் என்று நினைத்தேன். நீ கம்பி போட்டு எடுத்துவிட்டாய்.

எதற்காகக் கருவி என்று இப்போது உனக்குத் தெரியும். நிறுத்திய பிறகு வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அவர் வாசிக்காத வீட்டில் நான் இருந்ததே இல்லை. அவருக்காக இல்லை, எனக்காகத்தான் சேர்த்து வைக்கிறேன். ஆனால் இத்தனை மாதமும் அவர் வாசிப்பின் மேல் என் புலம்பலை ஊற்றி வைத்திருக்கிறேன் போலிருக்கிறது.

அடுத்த ஞாயிறு வாயைத் திறக்க மாட்டேன். ஒரு பதிவாவது சுத்தமாக வேண்டும். மனத்துக்குள் சொன்னாலும் ஆண்டவனுக்குக் கேட்காதா என்ன? அவருக்கு மைக் தேவையில்லை.

உன் அக்கா


ஜூலை 19

தம்பிக்கு,

நீ பதில் எழுதும் முன்பே எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்கக் கூட மறந்துவிடுவேன் போலிருக்கிறது. கேட்டேன் என்று வைத்துக்கொள்.

வாயில் ஒரு கிராம்பைப் போட்டுப் பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் பழைய இடம்தான், பல் டாக்டர் பக்கத்தில். ஒரு சொல் வெளியே வரவில்லை. உன் அத்தான் கண்ணை மூடித்தான் வாசிப்பார் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அன்றைக்கு உச்சிக்கு ஏறும் இடத்துக்கு முன்னால் திறந்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். அப்புறம் உச்சிக்குப் போகாமலே கீழேயே ஒரு வளைவு வளைந்து முடித்துவிட்டார். சபைக்குத் தெரியவில்லை. கடிகாரத்துக்கு மட்டும் ஒரு அடி தடுமாறியது.

பஸ்ஸில் வரும்போது கேட்டார்.

"இன்னைக்கு உனக்கு என்ன ஆச்சு?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

"வாயைப் பூட்டி வச்சிட்டு உக்காந்திருந்தியே."

"நீங்க கண்ணை மூடிட்டுல்ல வாசிப்பீங்க?"

"அந்த இடத்துக்கு முன்னாடி தெறப்பேன். நீ முணுமுணுக்கறது தெரிஞ்சா, சரி, அவ பாத்துக்குவான்னு வெரலை விட்டுடுவேன். இன்னைக்குப் பாத்தா டாக்டர் பக்கத்துல நீயும் பல்லைக் கடிச்சிட்டு இருக்கே. யாரை நம்பி மேல ஏறுறது?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சால்வையிலிருந்து மைக்குகளைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். உனக்குத் தெரிந்துவிட்டதையும் சொன்னேன். அவர் அந்தக் கடுகுகளை உருட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும் இடம் வரும்போது கேட்டார்.

"எல்லாத்துலயும் நீ இருக்கியா?"

"இன்னைக்குத் தவிர."

"அப்ப இன்னைக்குள்ளதை அழிச்சிடு."

அழித்துவிட்டேன். செப்டம்பரோடு நிறுத்திக்கொள்வதாகச் செயலாளரிடம் அவரே போய்ச் சொல்லிவிட்டார், விரலையும் சேர்த்து.

உன் அக்கா


ஆகஸ்ட் 2

அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நாங்கள் நலம். செப்டம்பரில் நானே வருகிறேன், கடையில் விடுப்புச் சொல்லிவிட்டேன். மேடைக்கு எறும்பு மீசைக் கருவி, தாங்கி போட்டு, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி. மூன்றாவது வரிசைக்குத் தீப்பெட்டி. இரண்டையும் தனித்தனியாக எடுக்கிறேன். பிறகு எது வேண்டுமோ வைத்துக்கொள்ளலாம். கிராம்பு வேண்டாம்.

தம்பி


அக்டோபர் 9

மச்சானுக்கு,

நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. உன் அக்காள் பேனாவைக் கையில் கொடுத்து உட்கார வைத்திருக்கிறாள். உன் பிள்ளைக்கு எல்லாப் பல்லும் முளைத்துவிட்டதா என்று முதலில் கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். நான் வெந்நீரும் கையுமாக இருக்கிறேன். வேறு தொந்தரவு இல்லை.

நீ அனுப்பிய இரண்டு பதிவும் வந்தன. மேடைப் பதிவை மன்றத்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்கள். பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடிகாரம் தன் வாசிப்பை மட்டும் மறுபடி போடச் சொன்னார். அதில் ஒரு விஷயம். அந்த உச்சியில் என் விரல் வழுக்கியது, சபைக்கே தெரியும். நீ என்னமோ செய்து அதைச் சரியாக்கி அனுப்பியிருக்கிறாய். நல்ல மனசோடுதான் செய்திருப்பாய். ஆனால் அந்த இடத்தில் வாசிப்பது நான் இல்லை. பழையபடி வைத்து அனுப்பு. தப்பு பெட்டிக்குள் குடியிருக்கும் என்று பயந்தவன்தான் நான். இருந்துவிட்டுப் போகட்டும், அதுவும் என் வீட்டு ஆள்தானே.

நாங்கள் தினம் கேட்பது மற்றது, தீப்பெட்டியில் எடுத்தது. அதில் வயலின் தூரத்தில் இருக்கிறது, உன் அக்காள் பக்கத்தில் இருக்கிறாள். மேடையில் இருந்தபோது அவள் உதடு அசைவதை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். என்ன சொல்கிறாள் என்று இப்போதுதான் தெரிகிறது. என் உடம்பில் இத்தனை உறுப்புக்குத் தனித்தனியாக மனுப் போட்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. முதல் நாள் கேட்டபோது வெட்கப்பட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து, இந்த இடத்தில் துணிக்கு அடியில் மைக் போய்விட்டது, மேல் சத்தம் சிக்கிக்கொண்டது என்று எனக்குப் பாடம் நடத்துகிறாள்.

உச்சி வருகிறது. விரல் வழுக்குகிறது. ஒரு நொடி எதுவும் இல்லை. பிறகு உன் அக்காள் குரல், கழுத்துப் பக்கத்தில், மெதுவாக: "பரவாயில்ல."

அது சாமிக்குச் சொன்னதா எனக்குச் சொன்னதா என்று நேற்றுக் கேட்டேன். புடவைத் தலைப்பால் தீப்பெட்டியைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டு பேரும்தானே அப்ப திருதிருன்னு முழிச்சிட்டு இருந்தீங்க" என்றாள்.

அன்புடன்,
அத்தான்